தியாகம் என்னும் திரை

எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகளில் ஒரு தகவல் தவறாமல் இடம்பெறுகிறது. பூஞ்சைத் தொற்றுக்கு எதிரான நிஸ்டாடின் மருந்தைக் கண்டுபிடித்த இவர்கள், அதன் காப்புரிமையால் வந்த 1.3 கோடி டாலருக்கும் மேற்பட்ட பணத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. தகவல் உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும் தொனி எனக்கு உறுத்துகிறது. பெண்ணைப் பாராட்ட எந்த ஊரிலும் முதலில் கைக்கு வரும் சொல் தியாகம். அது வந்ததும் அவள் செய்த வேலை பின்னுக்குப் போய்விடுகிறது. 1981-இல் ரிச்சர்ட் பால்ட்வின் இவர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பு 'தி ஃபங்கஸ் ஃபைட்டர்ஸ்'. அங்கே போராளிகளாக இருப்பவர்கள் அறிமுகக் கட்டுரைகளில் தியாகிகளாகிவிடுகிறார்கள்.

வேலையைப் பார்ப்போம். கேண்டிடா என்னும் பூஞ்சை நம்மில் பலர் வாயிலும் குடலிலும் தொல்லையின்றி வாழ்கிறது. புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று, எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அதுவே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ரத்தத்தில் கலந்தால் உயிரையும் பறிக்கும். 1940-களில் ஆன்டிபயாடிக் மருந்துகள் பரவியபோது, பூஞ்சையைக் கட்டுக்குள் வைத்திருந்த பாக்டீரியாக்களும் சேர்ந்து அழிந்தன. தொற்று பெருகியது.

ஹேசன் நியூயார்க் நகரிலும் பிரவுன் ஆல்பனியிலும் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வகங்களில் இருந்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையை எதிர்ப்பவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து ஹேசன் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். ஹேசன் மறுபடியும் பூஞ்சையிலும், பிறகு சுண்டெலிகளிலும் சோதிப்பார். பூஞ்சையைக் கொன்ற பல பொருட்கள் விலங்குகளுக்கும் நஞ்சாக இருந்தன. வர்ஜீனியாவின் ஒரு பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் வழிவிட்டது. 1950-இல் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்ற தங்கள் மாநிலத்தின் பெயரிலிருந்தே மருந்துக்குப் பெயர் வைத்தார்கள்.

பணம் பற்றிய முடிவிலும் இதே தெளிவைத்தான் நான் வாசிக்கிறேன். காப்புரிமையை ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் விட்டார்கள். மருந்து நிறுவனம் தயாரித்து விற்றது; உரிமைத்தொகை ஆராய்ச்சிக்குப் போனது. பூஞ்சை நோய்களைப் படிக்க வந்தவர்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இது ஓர் அரசியல் பதில். ஆண்கள் செய்திருந்தால் தொலைநோக்கு என்று எழுதியிருப்பார்கள்.

கேள்வி இன்னும் தீரவில்லை. நிஸ்டாடின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போகாது. உடலுக்குள் பரவிய தொற்றுக்கு, அதே மருந்துக் குடும்பத்தில் பின்னர் வந்த ஆம்போடெரிசின்-பி தேவைப்பட்டது. 2021-இல் கொரோனாவின் பின்னால் கருப்புப் பூஞ்சை வந்தபோது இந்தியாவில் தட்டுப்பாடான மருந்து அதுதான். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் கடைகடையாக அலைந்தன. ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக வெளியிட்டதே 2022-இல்தான்.

இவ்விருவரைப் பற்றி எழுதப்போகும் மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான்: தியாகத்துக்கு ஒரு வரி கொடுத்தால், தபாலில் போய்வந்த அந்தக் குடுவைகளுக்குப் பத்து வரி கொடுங்கள். மருந்து யார் பொறுப்பில் இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.