பத்துப் பொருட்களில் தண்ணீர் இல்லை

நீண்ட மலைநடைக்கு என்னென்ன எடுத்துப் போகணும்னு தேடினால், எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு பட்டியலில்தான் போய் நிற்போம். இந்தப் பட்டியல்களில் அதிகம் நகலெடுக்கப்பட்டவற்றில் ஒன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள 'தி மவுன்டனியர்ஸ்' கழகத்தின் 'டென் எசென்ஷியல்ஸ்'. 1930-களில் அவர்களுடைய மலையேற்ற வகுப்புகளில் உருவானது. 1974-ல் 'மவுன்டனியரிங்: தி ஃப்ரீடம் ஆஃப் தி ஹில்ஸ்' நூலின் மூன்றாம் பதிப்பில் அச்சேறியது.

வரைபடம், திசைகாட்டி, வெயில் கண்ணாடியும் களிம்பும், கூடுதல் உணவு, கூடுதல் உடை, டார்ச், முதலுதவிப் பொருட்கள், தீ மூட்ட உதவும் பொருள், தீப்பெட்டி, கத்தி. எண்ணிப் பாருங்கள், பத்து வரும். தண்ணீர் வராது.

மறந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்து மலைகளில் ஓடைக்கும் பனிக்கும் பஞ்சமில்லை. அங்கே நடந்தவர்களுக்குத் தண்ணீர் ஒரு 'பொருளாக'த் தோன்றியிருக்காது என்பது என் ஊகம். எங்கள் தொழிலில் "என் மெஷின்ல ஓடுதே சார்" என்று ஒரு பிரசித்தி பெற்ற பதில் உண்டு. இதுவும் அதே ரகம். பட்டியல் எழுதினவரின் மலை, சொல்லாமலே அந்தப் பட்டியலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வறண்ட மலைக்கு அதை அப்படியே தூக்கிப் போகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

2003-ல் வந்த ஏழாம் பதிப்பில் பொருட்களை எடுத்துவிட்டு வேலைகளை வைத்தார்கள்: வழி அறிதல், வெயில் காப்பு, கதகதப்பு, வெளிச்சம், முதலுதவி, நெருப்பு, பழுதுநீக்கும் கருவிகள், உணவு, நீர், அவசரத் தங்குமிடம். நல்ல திருத்தம். தண்ணீரும் ஒருவழியாக உள்ளே வந்தது. ஆனால் 'எந்த இடத்தில்?' என்ற கேள்வி இப்போதும் வெளியேதான் நிற்கிறது.

அதே கேள்வியை வேறு விதமாகத் தவறவிடுவது, எடை குறைப்புக்காரர்களின் 'பேஸ் வெயிட்' கணக்கு. விண்வெளித் துறைப் பொறியாளராக இருந்த ரே ஜார்டைன் 1990-களில் எழுதிய நூல்கள் இந்த மரபுக்குப் பெரிய உந்துதல். கூடாரத்துக்குப் பதில் ஒரு தார்ப்பாய், கனத்த பூட்ஸுக்குப் பதில் லேசான ஷூ. வாதங்கள் பெரும்பாலும் எனக்குச் சம்மதமே. ஆனால் உணவு, தண்ணீர், எரிபொருளைக் கழித்துவிட்டு 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் நாலரை கிலோவுக்குள், வந்துவிட்டோம் என்று கொண்டாடுகிறார்களே, அது இரண்டு பைகளை ஒப்பிடத்தான் உதவும். தோளுக்கு அந்தக் கழித்தல் தெரியாது. தெற்கு கலிஃபோர்னியாவில் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் 30 கிலோமீட்டருக்கு மேல் நம்பகமான நீர் கிடைக்காத நீட்சிகள் உண்டு. அங்கே 6 லிட்டர் தூக்கினால் தண்ணீர் மட்டும் 6 கிலோ. கிராம் கிராமாகச் சுரண்டிச் சேர்த்த மொத்தப் பையைவிட அது அதிகம்.

இந்த மரபு அடிக்கடி கூப்பிடும் சாட்சி எம்மா கேட்வுட். 1955-ல், 67 வயதில், அப்பலாச்சியன் பாதை முழுவதையும், சுமார் 3,300 கிலோமீட்டரை, 146 நாளில் நடந்து முடித்தவர். ஒரே பருவத்தில் தனியாக அதை முடித்த முதல் பெண். தோளில் தானே தைத்த துணிப்பை, காலில் கான்வாஸ் ஷூ, ஒரு ராணுவக் கம்பளி, மழைக்கோட்டு, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. கூடாரமும் கிடையாது, ஸ்லீப்பிங் பேக்கும் கிடையாது. "பார்த்தீங்களா, இவ்வளவு போதும்!" என்று முடித்துவிடுகிறார்கள்.

போதும்தான், அந்தப் பாதையில். வழியோர வீடுகளில் சாப்பாடும் படுக்கையும் அவருக்குப் பலமுறை கிடைத்தன. பாதையோரம் நடப்பவர்களுக்கான குடில்களும் இருந்தன. கேட்வுட்டின் பட்டியலை எழுதுகிறவர்கள் இவற்றையும் அதில் சேர்க்க வேண்டாமா? பையில் இல்லாதது பயணத்தில் இல்லை என்றாகிவிடாது.

நான் அதிகம் யோசித்தது அவருடைய முந்தைய வருட முயற்சியைப் பற்றி. 1954-ல் வடகோடியான மெய்ன் மாநிலத்தில் தொடங்கினார். வழி தவறினார், மூக்குக் கண்ணாடி உடைந்தது. தேடிக் கண்டுபிடித்த வன ஊழியர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், திரும்பிவிட்டார். வெற்றிக் கதையில் அந்தப் பிளாஸ்டிக் திரைக்கு இருக்கிற புகழ் இந்தக் கண்ணாடிக்கு இல்லை.

எனக்கு இங்கேதான் அளவுகோல் கிடைக்கிறது. கம்பளியை யாராவது கொடுப்பார்கள், சோறு யாராவது போடுவார்கள். பவர் கண்ணாடியை யார் கடன் கொடுக்க முடியும்? 'தனிப்பட்ட உடைமை' என்ற சொல்லை நான் இப்படித்தான் படிக்கிறேன்: வழியில் இரவலாகக் கிடைக்காதது. தினமும் போடும் மாத்திரை, காலுக்குப் பழகின செருப்பு, மாற்றுக் கண்ணாடி. இன்னொரு 200 கிராம் கூடினாலும் இவற்றில் எடை பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் எந்தப் பொதுப் பட்டியலிலும் இவை முதல் வரிக்கு வருவதில்லை.

ஏழாம் பதிப்பின் பழுதுநீக்கும் வரிசையை எடுத்துக்கொண்டாலும், உடைந்த ஃபிரேமை ஒட்ட ஒரு டேப் கிடைக்கும். லென்ஸ் போனால் அதில் ஒன்றும் கிடையாது. எனக்கு மைனஸ் ஐந்தரை.