ஹரால்ட் ஹில் ரயிலேறாத ஊர்

ஆன்சைட்டுக்காக டெ மாய்னில் இருந்த கோடையில், சனி ஞாயிறுகளில் அயோவாவின் சின்ன ஊர்களைச் சுற்றுவேன். ஊர் நடுவே நீதிமன்றச் சதுக்கம், புல்வெளியில் கூரை போட்ட எட்டுப் பக்க மேடை. பேண்ட் ஸ்டாண்ட். மைக் வருவதற்கு முந்தைய காலத்துப் பொறியியல் அது: மேடையை உயர்த்தினால் பின்னால் நிற்பவருக்கும் சத்தம் போகும், மேலே போகிற ஒலியைக் கூரையின் அடிப்பலகை கீழே திருப்பும். நான் பார்த்தவை பெரும்பாலும் காலி. ஒன்றில் ஒரு பையன் ஸ்கேட்போர்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த வாரம்தான் ‘தி மியூசிக் மேன்’ பார்த்தேன். 1962 படம், கதை நடப்பது 1912இல், ரிவர் சிட்டி என்கிற கற்பனை அயோவா ஊரில். பையன்களுக்கு பேண்ட் அமைத்துத் தருகிறேன் என்று வாத்தியத்துக்கும் சீருடைக்கும் காசு வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவது ஹரால்ட் ஹில்லின் தொழில். ஆளுக்கு இசைக்குறிப்பு வாசிக்கவே தெரியாது. பயிற்சி எதற்கு, ஸ்வரத்தை மனசில் நினைத்தால் போதும் என்கிறார். டெமோவில் சேல்ஸ்காரர் விற்றுவிட்டு வந்ததை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கட்டியவர்களுக்கு இவரை நன்றாகவே தெரியும். ராபர்ட் ப்ரெஸ்டன் நடிப்பில், ஏமாறுவதே சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

முடிவில்தான் எனக்குத் தகராறு. பையன்கள் அபஸ்வரமாக ஊதுகிறார்கள், பெற்றோர் பூரிக்கிறார்கள். அதுவரை சரி, பெத்த மனசு. ஆனால் அடுத்து தெருவையே அடைத்துக்கொண்டு, பளபளக்கும் சீருடையில், பிசிறில்லாமல் வாசித்தபடி ஓர் அணிவகுப்பு வருகிறது. அங்கே படமே ஹில்லின் கட்சிக்குப் போய்விடுகிறது. எழுதிய மெரிடித் வில்சன் அயோவாவின் மேசன் சிட்டிக்காரர், சூசாவின் பேண்டில் புல்லாங்குழல் வாசித்தவர். நினைத்தால் வராது என்பது அவருக்கா தெரியாது?

நிஜ அயோவா வேறு வழியில் போனது. 1921இல், ஜார்ஜ் லேண்டர்ஸ் என்ற பேண்ட் மாஸ்டரின் முயற்சியில் ஒரு சட்டம் வந்தது: மக்கள் ஓட்டுப்போட்டுச் சம்மதித்தால் ஊர் பேண்டுக்கென்றே வரி வசூலிக்கலாம். அதற்கு முந்தைய வருஷம் ஃபோர்ட் டாட்ஜுக்கு வந்த கார்ல் கிங், சர்க்கஸ் பேண்ட் நடத்தியவர். ஊர் ஊராகக் கூடாரம் மாறிய மனிதர், 1971இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஒரு மார்ச்சும் எழுதினார். வரிச்சட்டத்துக்கு மெட்டுப் போட்ட வேறு ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஃபோர்ட் டாட்ஜ் போனேன். கிங் பெயரில் இருக்கும் மேடை அங்கே. மூன்றாவது பாட்டில் ட்ராம்போன்கள் ஒரு நொடி முந்திவிட்டன. பக்கத்து மடக்கு நாற்காலியில் இருந்த பாட்டி உச்சுக் கொட்டினார். ‘ஒத்திகையில சரியாத்தான் வந்துச்சு’ என்றார், என்னிடம் இல்லை, மேடையைப் பார்த்து.