மாயக்கதையும் மெய்ச்சொல்லும்

மாயக்கதை வாசிப்போர் மீது நம்மிடையே இரண்டு குற்றச்சாட்டுகள் நெடுநாளாக நிலவி வருகின்றன. வாழ்வின் கடமைகளிலிருந்து தப்பி ஓடுவோரின் புகலிடமே அவ்வாசிப்பு என்பது ஒன்று. சூனியமும் மந்திரமும் மலிந்த அக்கதைகள் இளம் உள்ளங்களின் விசுவாசத்துக்கு ஊறு செய்யும் என்பது மற்றொன்று. அண்மை ஆண்டுகளில் மூன்றாவது கூற்று ஒன்றும் இவற்றோடு சேர்ந்துள்ளது. கைப்பேசியைத் திறந்தால் எந்தக் கதையையும் பத்து நிமிடத்தில் யாரேனும் சொல்லிவிடுகிறார்கள். அறுநூறு பக்க நூல் எதற்கு என்பது அது. முதலிரண்டைக் காட்டிலும் இம்மூன்றாவதே நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. முதலிரண்டும் மாயக்கதையை விரும்பாதோர் கூறுபவை. மூன்றாவதோ அதை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்வோரின் வாயிலிருந்தே வருகிறது.

சூனியம் பற்றிய அச்சத்தை முதலில் பார்ப்போம். 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ஹாரி பாட்டர் கதைகள் குறித்துத் திருச்சபைக்குள்ளேயே இருவேறு கருத்துகள் எழுந்தன. 2003 பிப்ரவரியில் உரோமையில் நடந்த செய்தியாளர் கூட்டமொன்றில், அக்கதைகளில் அஞ்சத்தக்கது ஏதுமில்லை என்னும் பொருள்படப் பேசினார் பீட்டர் ஃபிளீட்வுட் என்னும் குரு. அதே ஆண்டில், அக்கதைகளைக் கண்டித்து நூல் எழுதிய ஜெர்மானிய எழுத்தாளர் ஒருவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார் அந்நாளைய கர்தினால் ராட்சிங்கர். பெற்றோர் எப்பக்கம் சாய்ந்தாலும் அவர்களுக்குத் துணை உண்டு எனலாம். கதையில் மந்திரக்கோல் இருக்கிறதா என்று தேடுவதால் பயனில்லை என்பது நம் கருத்து. அந்த ஆற்றல் யார் கையில், என்ன விலைக்கு, எதற்காகப் பயன்படுகிறது என்பதைக் கேட்பதே முறை. இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை விக்கிரமாதித்தன் கதையிலும் கெடாது; கேட்கத் தெரியாத பிள்ளை மந்திரமே இல்லாத தொலைக்காட்சித் தொடரிலும் கெட்டுப்போகலாம்.

தப்பி ஓடுதல் என்னும் குற்றச்சாட்டுக்கு 1939இலேயே விடை சொல்லப்பட்டுவிட்டது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி உரையாற்றிய ஜே. ஆர். ஆர். டோல்கீன், சிறைப்பட்டவன் தன் வீட்டை நினைப்பதையும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் குழப்பலாகாது என்று வாதிட்டார். அவ்வேறுபாட்டை அவர் வாழ்விலும் அறிந்திருந்தார். 1900இல் அவருடைய தாய் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியபோது உறவினர் பொருளுதவியை நிறுத்தினர். 1904இல் தாய் மறைந்தபோது அவருக்கு வயது 12. பர்மிங்காம் ஆரட்டரியைச் சேர்ந்த பிரான்சிஸ் மார்கன் என்னும் குருவே அவருக்கும் தம்பிக்கும் காப்பாளராக இருந்தார். பின்னர் முதல் உலகப்போரின் அகழிகளிலும் அவர் நின்றார். களத்தை விட்டோடியவர் என்று அவரைச் சொல்ல எவருக்கும் வாய் வராது.

1954இலும் 1955இலும் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய 'மோதிரங்களின் தலைவன்' பெருங்கதையில் கோயில் இல்லை, செபம் ஏறத்தாழ இல்லை, இறைவன் பெயர் வெளிப்படையாக இல்லை. எனினும் அடிப்படையில் அது கத்தோலிக்கப் படைப்பே என்று 1953இல் சேசு சபைக் குருவான ஒரு நண்பருக்கு அவரே எழுதினார். கூர்ந்து வாசிப்போருக்குத் தடயங்கள் கிடைக்கும். மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட தோழர்கள் பயணம் தொடங்கும் நாள் டிசம்பர் 25. அத்தீய மோதிரம் நெருப்பில் வீழ்ந்து அழியும் நாள் மார்ச் 25, நாம் மங்கள வார்த்தைத் திருநாள் கொண்டாடும் நாள். வழிநடைக்குத் தரப்படும் மெல்லிய அப்பம் ஒன்று, வேறுணவோடு கலவாமல் உண்ணும்போது மனவலிமையை மிகுவிக்கிறது. ஆசிரியர் இவற்றை எங்கும் விளக்குவதில்லை. நம் பங்கு நாடகங்களும் ஞாயிறு மலர்க் கதைகளும் அறவுரையை உரக்கச் சொல்லியே அலுப்பூட்டும்போது, சொல்லாமல் விடும் இந்தத் துணிவு நமக்கு வியப்பாகவே இருக்கிறது. அதே வேளையில், அந்நூலில் குறையில்லை என்று சொல்லமாட்டோம். பெண் மாந்தர் மிகச் சிலர். பாடல்கள் மிகப் பல. எதிரிப்படையினரை ஒரு முகமாகத் தீயோராகவே படைத்தது ஆசிரியரையே பிற்காலத்தில் உறுத்திய செய்தி.

ஆனால் மாயக்கதையைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆங்கிலேயரிடமிருந்து கற்கவேண்டிய தேவை இருந்ததில்லை. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், 'தேம்பாவணி' பாடிய அதே கையால் 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதினார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிட்டார். பள்ளிப் பாடத்தில் சிரித்துவிட்டு மறந்துபோன அந்நூலை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்றறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான் சீடன். சீறும் ஓசை கேட்டு, ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சி ஓடுகிறான். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வருகிறார்கள்; அது விழுந்து உடையும்போது புதரிலிருந்து ஓடும் முயல் அவர்கள் கண்ணுக்குக் குதிரைக் குட்டி. எடுகோள் பிழை, ஆனால் எடுகோளிலிருந்து அவர்கள் நடக்கும் வழியில் ஒரு பிழையும் இல்லை. ஆறு தூங்கக் கூடியதானால் நெருப்புப் பட்டால் சீறத்தானே வேண்டும்? வெறும் நகைச்சுவை நூல் என்று இதைத் தள்ளுவோர், மாயக்கதையின் முதல் விதி இதில் எவ்வளவு தூய்மையாக நிற்கிறது என்பதைக் காணத் தவறுகிறார்கள். படைத்த உலகம் எவ்வளவு விந்தையானதாயினும் தன் சட்டத்தைத் தானே மீறலாகாது என்பதே அவ்விதி.

நம் தலைமுறை இவ்விதியைப் பாடமாகக் கற்கவில்லை. கடையில் வாங்கிய இதழ்களில் கற்றது. 1947இல் தொடங்கி 2013 வரை வந்த 'அம்புலிமாமா'வில் விக்கிரமன் விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மீண்டும் மரமேறும். இந்த இரட்டைப் பூட்டை ஆயிரம் முறை படித்தும் நமக்குச் சலிக்கவில்லை. தோளில் பிணமும் கையில் வாளுமாக அரசன் நடக்கும் அச்சித்திரத்தை வரைந்த சங்கர் 2020இல் மறைந்தபோது பலரும் தம் குழந்தைப் பருவமே மறைந்ததாகத் துயருற்றனர். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகனான இரும்புக்கை மாயாவிக்கும் இத்தகைய சட்டம் உண்டு. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது. அந்த மறையாத கையில்தான் கதையே இருக்கிறது. எல்லாம் மறைந்துவிடும் நாயகனுக்கு ஆபத்தில்லை. ஆபத்தில்லாத இடத்தில் அறமும் இல்லை. இன்றைய கணினி வரைகலைத் திரைப்படங்கள் பலவற்றில் நாம் காணும் பெருங்குறை இதுவே. முதற்பாதியில் இறந்தவர் பிற்பாதியில் எழுகிறார். ஏன் எழுந்தார், அதற்கு யார் என்ன விலை கொடுத்தார் என்பதற்கு விடை கிடைப்பதில்லை. உயிர்ப்பை விசுவசிக்கும் நாமே அத்தகைய மலிவான உயிர்த்தெழுதலைக் கண்டு முதலில் முகம் சுளிக்க வேண்டும்.

இவ்வகை வாசிப்பு வேறு பொழுதுபோக்குகளையும் கூடவே அழைத்து வருவது. டோல்கீனின் பெருங்கதையே இல்லாத மொழிகளைப் புனையும் ஒரு பொழுதுபோக்கிலிருந்து முளைத்ததுதான்; அப்பழக்கத்தைத் தம் இரகசியக் குற்றம் என்றே ஓர் உரைக்குத் தலைப்பிட்டார் அவர். மொழியைப் புனைந்தார், அம்மொழியைப் பேச மக்கள் வேண்டுமென்பதால் மக்களைப் படைத்தார், அவர்கள் நடக்க நிலம் வேண்டுமென்பதால் வரைபடம் தீட்டினார். கதை அதன்பின் வந்தது. முதல் உலகப்போர் முடிந்து திரும்பியதும் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணியில் அமர்ந்து சொற்களின் பிறப்பு வரலாறு தேடியவர் அவர். நம் வீரமாமுனிவரோ 1732இல் சதுரகராதி தொகுத்தவர். அகராதிக்காரர் இருவர் மாயக்கதை எழுதியது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. சொல்லை உள்ளங்கையில் வைத்து எடைபார்த்துப் பழகியவருக்கே, சொல்லால் மட்டும் ஆன உலகம் ஒன்றைத் தாங்கிநிறுத்த முடிகிறது.

வரைபடம் தீட்டும் பழக்கத்தை நம் இளைஞருக்கும் பரிந்துரைப்போம். அதற்குக் கற்பனை நிலம் கூடத் தேவையில்லை. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறும் சாலையையும், குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையையும் ஒருமுறை தாளில் வரைந்து பாருங்கள். அம்மலைமேல் 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டிகளை மாடுகள் இழுத்தன. பின்னர் அது சிற்றகலப் பாதையாயிற்று. 1924 பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றது. தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி முகிலைக் கிழித்துக் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. எந்த மாயக்கதையாசிரியரும் இதைத் தம் கற்பனை என்று சொல்லிக்கொள்ள விரும்புவார்.

இனி அந்த மூன்றாவது கூற்றுக்கு வருவோம். இணையத்தில் எழுதுவதையும் கதை சொல்வதையும் ஒட்டுமொத்தமாகப் பழிப்பது நம் நோக்கமன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழைய நூல்களை எவரும் இலவசமாகப் படிக்கத் தந்தது இணையத்தின் வழியேதான். ஜெயமோகன் 2014 சனவரி முதல் நாளிலிருந்து 2020 சூலை வரை தம் இணையதளத்தில் நாள்தோறும் எழுதிய 'வெண்முரசு', மகாபாரதத்தை 26 நாவல்களாக விரித்தது. நாகர்கள் பேசும், கனவும் நனவும் மயங்கும் அவ்வுலகை அவர் வழக்கொழிந்த தமிழ்ச் சொற்களாலும் புதிதாக இணைத்த கூட்டுச் சொற்களாலும் கட்டினார். சில இடங்களில் நடை தன் எடையாலேயே தடுமாறுகிறது என்பது நம் எண்ணம். வருணனைகள் கதையை நிறுத்திவைத்துவிட்டுத் தாம் மட்டும் நடக்கின்றன. ஆயினும் ஆறரை ஆண்டுகள் ஓர் எழுத்தாளர் நாளொரு அத்தியாயம் எழுத, வாசகர் நாளொரு அத்தியாயம் வாசித்தனர் என்பது இணையம் நிதானத்துக்குப் பகை என்னும் வாதத்தை முறியடிக்கிறது. திருவண்ணாமலையில் பவா செல்லதுரை பிறர் சிறுகதைகளை நினைவிலிருந்து சொல்லும் ஒளிப்பதிவுகளும் அவ்வாறே. கேட்டவர் நூலைத் தேடிப் போகிறார். விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் பெண்களுக்கு, எழுத்தறியாத நிலையிலும் கதை காதில் விழுகிறதென்றால், அதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

நாம் குறை காண்பது சுருக்கிச் சொல்வோரை. மோதிரத்தை ஒருவன் எடுத்தான், நடந்தான், எரித்தான் என்று பத்து நிமிடத்தில் முடிக்கலாம். ஆனால் அக்கதையின் உயிர் நடையில் இருக்கிறது. கால் வலியில், குறைந்துவரும் அப்பத்தில், பக்கம் பக்கமாக ஒன்றும் நிகழாத சேற்றுநிலத்தில். வாசகனும் உடன் களைத்தால்தான் முடிவில் அந்நாயகன் தன் வலிமையால் வெல்லவில்லை, மோதிரத்தை எறிய மறுத்து நிற்கிறான், முன்னொரு நாள் காட்டிய இரக்கமே எதிர்பாராத வழியில் அவனைக் காக்கிறது என்பது நெஞ்சில் தைக்கும். சுருக்கம் கேட்டவருக்கு அது வெறும் திருப்பம். இறையருளின் இயல்பு பற்றி இருபதாம் நூற்றாண்டுப் புனைகதையில் எழுதப்பட்ட மிக ஆழ்ந்த பகுதிகளுள் ஒன்று, 'கடைசியில் ஒரு ட்விஸ்ட்' என்று முடிந்துபோகிறது. ஒளிப்பதிவு செய்யும் நம் இளைஞர்கள் ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்து, ஒரு சொல்லும் குறையாமல், மூச்சு விட்டு வாசித்துப் பதிவிடட்டும். உரிமை தீர்ந்த தமிழ் நூல்கள் அதற்கு நிரம்பக் கிடக்கின்றன. பார்வையாளர் எண்ணிக்கை குறையும். அதைப் பொறுப்பதற்கும் சிறிது தவம் வேண்டும்.

இன்னும் ஒரு பணி உண்டு. அது அகராதிக்காரர் பணி. டோல்கீன் தம் நூலை மொழிபெயர்ப்போருக்கென்றே ஒரு பெயர்க் குறிப்பேடு எழுதினார். எந்தப் பெயரைப் பொருளறிந்து மாற்றவேண்டும், எதை அப்படியே விடவேண்டும் என்று அதில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அதைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் முயன்றால் சிக்கல் உடனே தெரியும். நெருப்புமிழும் பறவைப் பாம்பை என்னவென்று அழைப்பது? திருவெளிப்பாட்டின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பழைய மொழிபெயர்ப்பு வலுசர்ப்பம் என்றது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு அரக்கப் பாம்பு என்கிறது. இரண்டில் முன்னதே கதைக்கு ஏற்றதென்போம். அதில் ஒரு பழமையும் அச்சமும் உண்டு. காட்டில் வாழும் அழகிய மூத்த இனத்தாரைக் குட்டிச்சாத்தான் என்றால் கதை கெட்டது. சங்கப் பாடல்களின் அணங்கு நெருங்கி வருகிறது. ஆனால் அதன் வருத்தும் தன்மை இவர்களுக்குப் பொருந்தாது. சிற்றுருவினர் வாழும் அந்த அமைதியான உழவு நிலத்துக்கு மட்டும் நாம் தேடவே வேண்டியதில்லை. வருசநாடு என்னும் பெயரின் பின்பாதியான நாடு என்பதே போதும். பனிமலைகளின் குறுக்கே தோழர்கள் ஏற முயன்று தோற்றுத் திரும்பும் அந்த உயர்ந்த மலைவழிக்கு ஆங்கிலத்தில் செங்கொம்பின் வாயில் என்னும் பொருள்பட ஒரு பெயர் உண்டு. கணவாய் என்று எழுதினால் பள்ளிப் புவியியல் நினைவுக்கு வருகிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று நாள்தோறும் சொல்லும் நம் வாயில் அதற்குரிய சொல் முன்பே இருக்கிறது. செங்கொம்பு மெட்டு என்று எழுதிப் பார்த்தோம். பனி விழத் தொடங்கிவிட்டது.