தேயிலையின் காலமும் ஆய்வாளனின் காலமும்

மலைநாட்டில் ஒரு தேயிலைச் செடி ஒரு கவ்வாத்திலிருந்து அடுத்த கவ்வாத்து வரை நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் வளர்கின்றது. அவ்வட்டத்தின் முதலாண்டு விளைச்சலும் இறுதியாண்டு விளைச்சலும் ஒன்றல்ல. எனவே பசளை பற்றியோ புதிய இனம் பற்றியோ உறுதியாக எதனையும் கூறுவதற்கு ஒரு முழு வட்டமேனும் காத்திருத்தல் வேண்டும். கலாநிதிப் பட்ட ஆய்வுக்கென வழமையாக வகுக்கப்படும் காலமோ மூன்று ஆண்டுகளை ஒட்டியது. இச்சிறு கணக்கினுள்ளேயே இன்றைய விஞ்ஞான ஆராய்ச்சியின் பெருமுரண்பாடு அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. துரைமாரின் தேவைக்காக, ஏற்றுமதித் தேயிலை மீதான செஸ் வரியைக் கொண்டு நடத்தப்பட்ட நிலையம் அது. எந்த வினா ஆராயப்படும் என்பதை அப்பணமே பெரிதும் தீர்மானித்தது. ஆயினும் அங்கு நிகழ்ந்த பணியைக் குறைத்து மதிப்பிடல் நேர்மையாகாது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது அதனை எதிர்கொண்டதும், விதைத் தேயிலையின் இடத்துக்கு இன்று மலைகளெங்கும் காணப்படும் வி.பி. தேயிலையைக் கொண்டுவந்ததும் அந்நிலையத்தாரின் உழைப்பே. ஓர் இனத்தைத் தெரிந்து, பரீட்சித்து, தோட்டங்களுக்கு வழங்குவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்லும். தெரிந்தவர் ஒருவராகவும் அறுவடை கண்டவர் வேறொருவராகவும் இருப்பது இங்கு இயல்பு. 1928 முதல் பல்லாண்டுகள் வெளிவந்த ‘டீ குவார்ட்டர்லி’ என்னும் சஞ்சிகை இத்தகைய நீண்ட பணிகளுக்கு இடமளித்தது.

இன்று ஆய்வாளனை அளக்கும் கோல் வேறு. பதவியுயர்வுக்குப் புள்ளித் திட்டம் உண்டு. புள்ளிகளைத் தருவன கட்டுரைகள். அவற்றுள்ளும் வெளிநாட்டு ஆங்கிலச் சஞ்சிகைகளில் வருவனவற்றுக்கே மதிப்பு மிகுதி. ஒரு சரிவின் மண்ணரிப்பைப் பத்தாண்டுகள் அளந்து ஒரே கட்டுரை எழுதியவரும், ஆய்வுகூடத்தில் ஆறு மாதப் பரிசோதனைகளை நடத்திப் பல கட்டுரைகளாகப் பகுத்து எழுதியவரும் ஒரே தேர்வுக்குழுவின் முன் நிற்பாராயின், முன்னேறுபவர் யாரென்பதை விளக்கத் தேவையில்லை. இதனைத் தனிமனிதரின் பேராசையாகக் காண்பது தவறு. குடும்பமும் கடனும் உள்ள இளம் விரிவுரையாளர், அமைப்பு எதற்குக் கூலி கொடுக்கின்றதோ அதனையே செய்கின்றார்.

அவசரத்தின் விலையை மலைநாடு முன்னரே கொடுத்துள்ளது. இலைச்சுருட்டுப் புழுவை அடக்குவதற்காக 1930களின் நடுப்பகுதியில் யாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அது மெல்லப் பரவிப் புழுவைக் கட்டுப்படுத்திற்று. பின்னர், தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் தெளிக்கப்பட்டபோது வண்டோடு குளவியும் மடிந்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. உடனடி விளைவு நாடிய ஒரு மருந்து, பல்லாண்டுப் பொறுமையால் கிட்டிய பயனை அழித்தது.

2021 ஏப்ரிலில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டமை அதனினும் பெரிய எடுத்துக்காட்டு. விவசாய விஞ்ஞானிகளின் எச்சரிக்கைகள் செவிமடுக்கப்படவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் தடை விலக்கப்பட்டபோதும், 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் அளவுக்கு வீழ்ந்தது. தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதத்தையே ஆராய்ச்சிக்குச் செலவிடும் அரசு, அந்த ஆராய்ச்சி கூறுவதையும் கேளாதிருந்தமை வியப்பன்று. 2022 நெருக்கடியின்போது விரிவுரையாளரும் ஆய்வாளரும் திரளாக வெளிநாடு சென்றனர். அவர்களோடு சென்றது பட்டம் மட்டுமன்று. பாதியில் நின்ற பரிசோதனைகளின் நினைவும் சென்றது.

போகாது எஞ்சியவர் யார்? இவ்விடத்து நம் முற்போக்கு ஆய்வாளர் மீதும் எனக்கு ஒரு குறையுண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம், கூலி, லயம் ஆகியவை பற்றி நிறைய எழுதிய நாம், ஆய்வுகூடத்தைப் பெரும்பாலும் வர்க்கச் சார்பற்ற இடமெனக் கருதிக் கடந்து சென்றோம். 1945இன் இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரும், உயர்தர விஞ்ஞான வகுப்பு ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களின் சில பாடசாலைகளிலேயே அமைந்தது. பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆசிரியர் தேடி மலையிறங்கும் மாணவனுக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் முதற்படியன்று, பத்தாவது படி.

இத்தனைக்கும் பரிசோதனைப் பாத்திகளில் கொழுந்து எடுப்பவர் தோட்டத் தொழிலாளரே. வாரந்தோறும் அவர்கள் எடுத்துத் தராசில் இடும் கொழுந்தே அட்டவணைகளில் ஹெக்டயருக்கு இத்தனை கிலோ என்று பதிவாகின்றது. ஆய்வாளர் மாறலாம், பணிப்பாளர் மாறலாம். அதே நிரையில் மூன்று கவ்வாத்துக் கண்ட பெண்மணி அங்கேயே நிற்கின்றார். எந்தச் செடி வரட்சிக்கு முதலில் வாடிற்று, எது மழைக்குப் பின் தாமதித்துத் துளிர்த்தது என்பதை அவர் அறிவார். அதனை எழுதிக்கொள்வதற்கு அவ்வட்டவணையில் நிரல் ஒன்றும் இல்லை.