விளைந்த நெல் யாருக்குப் போனது?

கீழைநாடுகள் ஏன் ஏழையாயின என்ற கேள்வியை உலகப் பொருளாதார வரலாற்றறிஞர்கள் கண்டங்களை ஒப்பிட்டே கேட்டு வருகிறார்கள். ஊர் ஊராக இறங்கி அதைக் கேட்க வழியுள்ள இடங்கள் அரிது. செங்கல்பட்டு அப்படி ஓர் இடம். ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருவாய் மானியமாகக் கொடுத்த இந்த ஜாகீரை, பொறியாளர் தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை அளந்தார். ஏறக்குறைய 2,000 ஊர்கள். நஞ்சை, புஞ்சை, ஏரி, விளைச்சல், சாதிவாரியாக வீடுகள், களத்து மேட்டில் கோயிலுக்கும் கணக்கனுக்கும் வெட்டியானுக்கும் பிரிந்த பங்கு என எல்லாம் பதிவாயின. இதற்கு ஆதாரமான தமிழ் ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1780இல் ஹைதர் அலியின் படை புகுந்து நாடு பாழாவதற்கு முந்தைய நிலை இது. அதனால்தான் இந்தக் கணக்குக்கு இவ்வளவு மதிப்பு.

இந்தக் கணக்கைப் பொதுக் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் வரலாற்று ஆய்வாளர் தரம்பால். சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தின் ஜிதேந்திர பஜாஜும் எம். டி. சீனிவாசும் அவர் வழியில் ஓலைகளைப் படித்து, அன்றைய விளைச்சல் இன்று நம்மை வியக்கவைக்கும் அளவு செழிப்பாக இருந்தது என்றார்கள். அந்த உழைப்பு பெரிது. ஆனால் மொத்த விளைச்சலை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. களத்தில் நெல் சராசரியாகப் பிரியவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டித் துணி வாங்கிய கடற்கரை இது. ஆகவே நெசவாளர் உள்ளிட்ட உழைப்பாளரின் கூலியைப் பற்றிய உலக விவாதமும் இங்கே வந்து சேர்கிறது. வரலாற்றறிஞர் பிரசன்னன் பார்த்தசாரதி, 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய உழைப்பாளியின் கூலியைத் தானியமாகக் கணக்கிட்டால் அது இங்கிலாந்துக் கூலிக்கு ஈடாக நின்றது என்று 1998இல் வாதிட்டார். பொருளாதார வரலாற்றறிஞர்கள் ஸ்டீபன் பிராட்பெரியும் விஷ்ணுப்பிரியா குப்தாவும் 2006இல் அதை மறுத்தனர். இன்னும் முடியாத வழக்கு.

நிலம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. மதுராந்தகம் ஏரியோடு இன்றும் பெயர் சேர்ந்து வழங்கும் கலெக்டர் லயனல் பிளேஸ் 1799இல் எழுதிய அறிக்கையும், கம்பெனி அதிகாரி எல்லிஸ் 1818இல் வெளியிட்ட மிராசு பற்றிய நூலும் மிராசு எனப்பட்ட காணியாட்சியை, அதாவது ஊர் நிலத்தின் பரம்பரைப் பங்குரிமையை, தொன்மையான உரிமையாக நிறுவின. வரலாற்றறிஞர் யூஜின் இர்ஷிக் 1994இல் வந்த தம் நூலில், இந்தப் பழமைச் சித்திரமே துரைமாரும் உள்ளூராரும் பேசிப் பேசிச் சேர்ந்து வரைந்தது என்கிறார். எனக்கு அது பெரும்பாலும் சரியாகவே படுகிறது. ஜப்பானிய அறிஞர் மிசுஷிமா சுகாசா வேறு வழியில் போனார். ஊர்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் பொருத்தி, பங்கு முறையையே ஆராய்ந்தார். இத்துறையில் மிகப் பொறுமையான வேலை அவருடையது.

பங்கென்று பேசினால் பண்ணை அடிமையாக உழைத்த படியாளைப் பற்றியும் பேச வேண்டும். 1833இல் பிரிட்டன் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட நிலப்பகுதிகளை விலக்கியது. இங்கே 1843இல்தான் சட்டம் அடிமைமுறைக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. அரை நூற்றாண்டு கழித்துச் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹியர், பறையர் மக்களுக்குக் குடியிருந்த மனையும் சொந்தமில்லை, நிலம் கேட்டால் மிராசுதார் தடுக்கிறார் என்று 1891இல் அறிக்கை எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நிலம் ஒதுக்க 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே வித்து. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் அந்தச் சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. வரலாற்றறிஞர் ரூபா விஸ்வநாத் 2014இல் எழுதிய நூல், அரசும் மிராசுதாரும் சேர்ந்தே உழைப்பாளியை நிலமற்றவராக வைத்திருந்ததைக் காட்டுகிறது. பர்னார்ட் கணக்கைக் கொண்டாடுபவர்கள் இந்நூலை அவசியம் படிக்க வேண்டும்.

இது பழங்கதையும் அல்ல. காரணை என்ற ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரியவர்கள் மீது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். பர்னார்ட் கணக்கில் ஊரின் வீடுகளோடு சேரியின் வீடுகளும் எண்ணப்பட்டுள்ளன. அந்த வீடுகளுக்கு எத்தனை கலம் நெல் போனது என்பதை ட்ரெமன்ஹியர் அறிக்கையோடு ஊர் ஊராக ஒப்பிடும் ஆய்வே இத்துறையின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.