மெல்பா லிஸ்டனும் ஒற்றை இசைத்தட்டுக் கணக்கும்

மெல்பா லிஸ்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பெரிய ஜாஸ் குழுக்களில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து டிராம்போன் வாசித்த முதல் பெண்களில் ஒருவர் என்பது ஒன்று. அவர் தலைமையில் வெளிவந்த இசைத்தட்டு ஒன்றே ஒன்றுதான் என்பது இன்னொன்று. முதல் செய்தியை வியப்போடும் இரண்டாவதை அனுதாபத்தோடும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஐம்பதாண்டு உழைப்பை, அட்டையில் யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து எண்ணுகிறோம். இந்தக் கணக்கு யார் போட்டது?

1926இல் மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் மெல்பா. ஏழு வயதில் டிராம்போனைப் பார்த்தார். வேண்டும் என்றார். அம்மா வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த வாத்தியத்தில் விரல் வைக்கத் துளையோ கட்டையோ கிடையாது. ஒரு நீள் குழாயை முன்னும் பின்னும் இழுத்துத்தான் சுரம் பிடிக்க வேண்டும். குழாய் நிற்க வேண்டிய இடங்கள் ஏழு. கடைசி இடங்களுக்குக் குழந்தையின் கை எட்டாது. தலையைச் சாய்த்து, உடம்பை வளைத்து எட்டிப் பிடித்தார். எட்டு வயதில் உள்ளூர் வானொலியில் வாசித்துவிட்டார். 1937இல் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. அங்கே கறுப்பினச் சிறுவர் சிறுமியருக்கு வாத்தியம் சொல்லிக் கொடுத்து, அவர்களைக் கொண்டே ஒரு குழுவும் நடத்திவந்த ஆல்மா ஹைடவரிடம் சேர்ந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஆண்களின் பெயர்கள் மெல்பாவின் கதையில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஆகவே வாங்கிக் கொடுத்தது ஓர் அம்மா, சொல்லிக் கொடுத்தது ஓர் ஆசிரியை என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

சங்ககிரிப் பக்கம் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு, மூச்சை ஊதி வாசிக்கிற வாத்தியத்தைப் பெண் எடுப்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு வருகிற நாதசுரமானாலும், சாவுக்கு வருகிற பேண்டு செட்டானாலும், ஊதுகிறவர் ஆண். பெண்ணுக்குக் குலவையும் ஒப்பாரியும். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நாதசுரம் எடுத்து, கோயில் திருவிழாக்களில் பேர் வாங்கியவர். கணவர் இறந்த பிறகு அதே வாத்தியம் அவருக்கு விலக்காகிவிட்டது. மங்கல வாத்தியத்தைக் கைம்பெண் ஊதக்கூடாதாம். மூச்சு அவருடையதுதான், ஆனால் அதை ஊதும் உரிமை ஒரு தாலியைப் பொறுத்ததாக இருந்தது. மெல்பாவுக்குத் தாலி இடைஞ்சல் இல்லை. அங்கே தடை வேறு வேடத்தில் வந்தது.

பதினாறு வயதில் இசைக்கலைஞர் சங்கத்தில் உறுப்பினராகி, லிங்கன் தியேட்டர் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஜெரால்ட் வில்சன் குழு. 1947இல் சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் டயல் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது இவரையும் அழைத்தார். அதில் ஒரு உருப்படிக்கு ‘மிஸ்சீவியஸ் லேடி’ என்று பெயர், குறும்புக்காரி. மெல்பாவை மனதில் வைத்துச் சூட்டிய பெயர். உண்மையில் தனியாக எழுந்து நின்று வாசிக்கக் கூச்சப்பட்ட பெண் அவர்.

டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் இரண்டு முறை இருந்தார்: 1949ஐ ஒட்டி ஒரு முறை, 1956இல் மறுபடியும். கலிபோர்னியாவிலிருந்து ஒரு பொம்பளையை எதற்கு வரவழைக்க வேண்டும் என்று, இன்னும் மோசமான சொல்லால், குழுவினர் முணுமுணுத்ததை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர் எழுதிக் கொண்டுவந்திருந்த நோட்ஸை கில்லெஸ்பி எல்லாருக்கும் கொடுத்து வாசிக்கச் சொன்னார். முணுமுணுத்தவர்களால் சில அடிகளைக்கூடத் தாண்ட முடியவில்லை. வாய்கள் மூடின. கதையை இந்த இடத்தில் முடித்துக் கைதட்டுவதுதான் வழக்கம். அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். மதிக்கத் தொடங்கிய அதே ஆண்கள், பிய்ந்த பொத்தானைத் தைத்துத் தரவும் முடி வெட்டிவிடவும் அவரிடம் வந்தார்கள். திறமையை நிரூபித்ததற்குக் கிடைத்த பரிசு, அம்மா என்கிற பதவி! வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு இந்தப் பதவி உயர்வு புதிதல்ல.

பயணங்களில் தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதையும், மருத்துவரிடம் போய்ச் சொன்னதையும் முதுமையில் கொடுத்த பேட்டியில் மெல்பா சொன்னார். அலங்காரமில்லாமல், ஒரு பணிச் சிரமத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அவருடைய இசையைப் பாராட்டி எழுதிய பலர் இதைத் தனி வாழ்க்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். வேலை நடந்த இடத்தில், வேலையின் பொருட்டு நடந்தது எப்படித் தனி வாழ்க்கையாகும்?

பில்லி ஹாலிடேயுடன் தென் மாநிலங்களுக்குப் போன சுற்றுப்பயணம் பணமின்றிப் பாதியில் சிதைந்தது. மெல்பா டிராம்போனை வைத்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கல்வி வாரியத்தில் எழுத்தர் வேலைக்குப் போய்விட்டார். இடையில் ‘தி டென் கமான்ட்மென்ட்ஸ்’ போன்ற படங்களில் துணை நடிகையாகவும் நின்றார். அமெரிக்க வெளியுறவுத் துறையின் செலவில் 1956இல் மேற்காசியப் பயணம் கிளம்பிய கில்லெஸ்பி திரும்ப அழைத்ததால்தான் அவர் நமக்குக் கிடைத்தார். கராச்சிக்கும் வந்த பயணம் அது. 1958இல் அந்த ஒற்றை இசைத்தட்டைப் பதிவு செய்தார்: ‘மெல்பா லிஸ்டன் அண்ட் ஹெர் போன்ஸ்’. டிராம்போன் கலைஞர்களையே திரட்டி நடுவில் நின்று வாசித்திருக்கிறார். மற்றவர்கள் வேகத்தைக் காட்டும் இடங்களில் இவர் நிதானிக்கிறார். சுரத்தைப் பேச்சுக் குரல்போல இழைய விடுகிறார். நல்ல தட்டு. ஆனால் மெல்பாவின் முழு ஆற்றல் அதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

அது இருப்பது இசைக்கோர்ப்பில். மெட்டு ஒருவருடையது, எந்த வாத்தியம் எப்போது நுழைய வேண்டும், எது அடங்க வேண்டும், அடியில் என்ன ஓட வேண்டும் என்று ஒவ்வொருவர் கைக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர் இன்னொருவர். நம் பழைய படங்களின் எழுத்தோட்டத்தில் விஸ்வநாதன் ராமமூர்த்தி பெயருக்குக் கீழே, உதவி என்று கோவர்த்தனம் பெயர் வருமே, அந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இதைத் தறிக்கார வீடுகளில் பெண்கள் தார் சுற்றும் வேலையோடு ஒப்பிடுவது எளிது: கூலியும் பேரும் தறியில் உட்கார்ந்தவருக்கே. ஆனால் அந்த ஒப்புமை முழுக்கப் பொருந்தாது. இளம்பிள்ளைத் தறிகளில் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடிக்கிறார்களே, அதுதான் மெல்பாவின் வேலை. எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அந்த அட்டையே தீர்மானிக்கிறது. அட்டை இல்லாவிட்டால் மயிலும் இல்லை, மாங்காயும் இல்லை.

பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனின் ‘உஹுரு ஆப்பிரிக்கா’வைக் கேட்டால் இது புரியும். ஆப்பிரிக்காவில் பதினேழு நாடுகள் விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டின் நவம்பரில் பதிவானது. உஹுரு என்றால் சுவாகிலி மொழியில் விடுதலை. லாங்ஸ்டன் ஹியூஸின் சொற்கள், வெஸ்டனின் மெட்டு, மெல்பாவின் கோர்ப்பு. 1964இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு இதைத் தடை செய்தது. தாழ்ந்த சுருதிப் பித்தளை வாத்தியங்களைக் கனமாக அடியில் பரப்பி, பியானோவைத் தாளக் கருவிபோல நடுவில் திறந்து விடுகிற அந்த அமைப்பைக் கேட்டுத்தான் நாம் இதை வெஸ்டனின் ஒலி என்கிறோம். இதில் ஆப்பிரிக்கப் பெண்ணைப் போற்றும் ஒரு பகுதி உண்டு. பெண்ணைப் பாடுபொருளாக்கி எழுதியவர்கள் இரண்டு ஆண்கள். அவர்கள் பாட்டுக்கு உடம்பு கொடுத்த பெண்ணின் பெயர் உள்ளே, சிறிய எழுத்தில். வெஸ்டனைக் குற்றம் சொல்லவில்லை. மெல்பா இல்லாமல் தன் இசை இல்லை என்று கடைசிவரை சொன்னவர் அவர். அவர் சொன்ன பிறகும் விமர்சகர்கள் ‘அடக்கமானவர், பின்னணியில் இருக்க விரும்பியவர்’ என்று எழுதினார்கள். அடக்கம் என்கிற சொல்லை நாம் சந்தேகிக்க வேண்டும். வெளிச்சத்தில் நின்றபோது என்ன கிடைத்தது என்று அறிந்த ஒரு பெண், மேசையில் உட்கார்ந்து எழுதுவதைத் தேர்ந்தால் அது இயல்பா, பட்டறிவா?

1970களில் ஜமைக்காவுக்குப் போய் இசைப் பள்ளியில் கற்பித்தார். 1979இல் திரும்பி வந்து, ‘மெல்பா லிஸ்டன் அண்ட் கம்பெனி’ என்று தன் பெயரில் குழு தொடங்கினார். தொடக்கத்தில் அத்தனை பேரும் பெண்கள். ஆக, பின்னணியில் இருப்பதுதான் பிடிக்கும் என்றவர்களுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

1985இல் பக்கவாதம். சிறுவயதில் எட்டாத தூரத்துக்கு நீட்டிய கை இனி குழாயை இழுக்காது. கணினியின் துணையோடு மறுபடி கோர்க்கத் தொடங்கினார். 1993இல் வெஸ்டனுடன் சேர்ந்து ‘வால்கேனோ ப்ளூஸ்’ வந்தது. அதில் மெல்பா ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. அட்டையில் வெஸ்டன் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது.