வராது, இன்னும் வரவில்லை

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர் வண்டியில் பெற்றோர் இருவர் சந்தித்தால், பேச்சு விரைவில் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு வந்து சேரும். "எங்கள் பையனுக்குக் கணக்கு வராது" என்பார் ஒருவர். மற்றவர் அனுதாபத்துடன் தலையசைப்பார். இத்தொடரைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். இங்கு எழுவாய் பையன் அன்று, கணக்கு! அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. முயல்பவனுக்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை.

இந்த மனப்போக்கை ஆராய்கிறது, அமெரிக்க உளவியலாளர் கேரல் டுவெக் 2006இல் வெளியிட்ட 'மைண்ட்செட்' என்னும் நூல். திறமை பிறவியிலேயே அளந்து தரப்பட்டது என்று நம்புவோருக்குத் தோல்வி ஒரு தீர்ப்பு. அது பயிற்சியால் வளர்வது என்று நம்புவோருக்குத் தோல்வி ஒரு பாடம். நூலின் அடித்தளமாக அமைந்த ஆய்வொன்று 1998இல் வெளியானது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "கெட்டிக்காரர்கள்" என்றும், சிலரை "நன்கு உழைத்தீர்கள்" என்றும் பாராட்டினர். பின்னர்க் கடினமான புதிர்களில் எல்லாரும் இடறினர். அதன்பின் முன்போன்ற எளிய புதிர்களைத் தந்தபோது, கெட்டிக்காரர் எனப்பட்டோர் முன்னிலும் பின்தங்கினர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டோர் முன்னேறினர். ஏச்சு மட்டுமன்று, புகழ்ச்சியும் ஊறு செய்யும் என்று காட்டியதே இந்நூலின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலாது. விளையாட்டு வீரர்கள், நிறுவனத் தலைவர்கள் ஆகியோரின் வெற்றிக் கதைகளை அடுக்கி, நம்பிக்கை மாறினால் வாழ்வே மாறும் என்ற தோற்றத்தை நூல் தருகிறது. பிற்கால அளவீடுகளோ அடக்கமானவை. 2019இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வில், அமெரிக்காவின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ 12,000 பேர் பங்குபெற்றனர். ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பயிற்சியால், பின்தங்கிய மாணவரின் தரப்புள்ளி, நான்கு புள்ளி அளவுகோலில், 0.1 அளவே உயர்ந்தது. அதுவும் சக மாணவர் சவாலை விரும்பும் பள்ளிகளில்தான் பயன் மிகுதி. பம்மலிலோ அனகாபுத்தூரிலோ ஒற்றை அறை வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் "முயன்றால் முடியும்" என்று மட்டும் சொல்லி விலகினால், அது நாளை "நீ முயலவில்லை" என்னும் பழியாகவே மாறும். வெறும் முயற்சியைப் புகழ்வது போதாது என்று டுவெக்கே 2015இல் எச்சரித்தது குறிப்பிடத்தக்கது.

நாம் நன்கறிந்த தாலந்து உவமையை இந்நூலோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். ஐந்து, இரண்டு, ஒன்று என ஏற்றத்தாழ்வு அங்கே மறைக்கப்படவில்லை. ஆனால் ஐந்தைப் பெருக்கியவனுக்கும் இரண்டைப் பெருக்கியவனுக்கும் கிடைத்த பாராட்டு ஒன்றே. மூன்றாமவனைச் சோம்பேறி என்று நாம் எளிதில் ஏசுகிறோம். அவனோ தன் தலைவன் கடுமையானவன் என்று எண்ணி அஞ்சியே புதைத்தான்.

என் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, "உனக்குக் கணக்கு வராது" என்று நானும் ஒருநாள் சொன்னேன். அதன்பின் அவள் என்னிடம் ஐயம் கேட்டதில்லை. அவள் எதையோ மண்ணில் புதைத்துவிட்டாள். அவள் அஞ்சிய கடுமையான தலைவன் நானே. "வராது" என்பதற்கும் "இன்னும் வரவில்லை" என்பதற்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. அதைக் கடக்க வேண்டியவர் பிள்ளைகள் அல்லர், அன்பரே, நாம்தாம்.